பங்குப் பிரிவில் ஒரே ஒரு நாற்காலி

புன்னைக்காயல்
6-1-1978

அன்புள்ள தீபம்,

உன் கார்டு புதன்கிழமையே வந்துவிட்டது. பிள்ளை கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் பேனாவைத் தொட முடிகிறது, அதனால் பதில் பிந்திவிட்டது. வாழ்த்துக்கு நன்றி. பெண் குழந்தை. அமலி என்று ஞானஸ்நானப் பெயர் வைக்கப் போகிறோம். பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நேற்று கான்வென்ட் மருந்தகத்தில் நிறுத்துப் பார்த்தார்கள். பிறந்தபோது இருந்த எடைகூட இப்போது இல்லை. "பால் பத்தலையோ?" என்று சிஸ்டர் கேட்டார்கள். அந்தக் கேள்வியே நேற்றிலிருந்து காதில் நிற்கிறது. அம்மாவோ, "எல்லாப் பிள்ளையும் முதல்ல மெலிஞ்சுதாம்ளா தேறும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

சனிக்கிழமை வளன் வந்திருந்தார். ஆத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மனிதர் பெற்ற பிள்ளையைப் பார்த்தார், பெண்டாட்டி என்னைப் பார்த்தார், அப்புறம் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "ஒன் மேசைய இப்ப பாக்கணுமே! கண்ணாடி மாதிரி வச்சிருக்கு அந்தப் பிள்ள." மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாயாமே. என் கார்டுப் பெட்டியை அலமாரிக்குள் வைத்தாயாமே. கிருபாநிதி சார் வந்து நின்று பார்த்து, "பேஷ்" என்றாராமே. அந்த மேசையில் உட்கார்ந்த ஒன்றரை வருஷத்தில் மானேஜர் வாயிலிருந்து எனக்கு ஒரு "பேஷ்" வந்ததில்லை. போகட்டும். ஜன்னல் பக்கம் போட்டால் மத்தியானம் அடிக்கிற உப்புக்காற்றில் கார்டுகள் நமுத்துப்போகும். அதனால்தான் நான் அங்கே போடவில்லை, தெரியாமல் அல்ல.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். வெளிநாட்டுக் கம்பெனி நாற்பது சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாதென்று டில்லியில் சட்டம் வந்து, நம் ஹாலிடன் கம்பெனியும் பங்குகளை விற்கத் தீர்மானித்து, அதில் ஒரு பகுதியைத் தொழிலாளிகளுக்கென்று ஒதுக்கியபோது, அதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று சார் ஹால் முழுவதும் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பி.காம். படித்துவிட்டு டைப் அடித்துக்கொண்டிருந்த நான்தான் எழுந்து நின்றேன். யார் எப்போது சேர்ந்தான், வாரிசு யார், கையெழுத்தா கைநாட்டா, எல்லாம் விசாரித்து எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு கார்டும் என் கையெழுத்து. பேறுகால விடுப்பில் என் இடத்துக்கு ஆள் தேடினபோது, பாளையங்கோட்டை விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள் ஆயிற்றே என்று உன் பெயரைச் சொன்னதும் நான்தான்.

ஜனவரி 31 அன்று விடுப்பு முடிகிறது. அதற்குள் மேசையைப் பழைய இடத்தில் போட்டுவிடு.

அன்புடன்,
பிளாரன்ஸ்


தூத்துக்குடி
12-1-1978

அன்புள்ள பிளாரன்ஸ்,

மேசையை இன்று காலையே பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டேன். கார்டு ஒன்றும் நமுக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டையும் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை, இதை முகஸ்துதி என்று எடுத்துக்கொள்ளாதே. அமலிக்காக எங்கள் வீட்டு ஜெபத்தில் அப்பா தினமும் வேண்டுகிறார்.

சென்னையிலிருந்து விண்ணப்பப் படிவங்கள் வந்துவிட்டன. ஐந்து வருஷ சர்வீஸ் ஆனவர்களுக்கு மட்டும்தான். ஆளுக்கு ஐம்பது பங்கு வரை கேட்கலாம், பணத்தைப் பத்து மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கடைசித் தேதி பிப்ரவரி 10. திங்கட்கிழமை சரக்கு ஷெட்டில் எல்லோரையும் கூட்டி விளக்கினேன். நடந்ததைக் கேள்.

உங்கள் ஊர் ரோச் தண்டல் எழுந்து நின்றார். பழைய துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குப் படகு ஓட்டிய முப்பத்தொரு பேருக்கும் தலைவர் அவர்தானே. "எம்மா, ஒரு சந்தேகம்" என்றார். "எங்க வள்ளத்துல கடலுக்குப் போனவனுக்குத்தான் பங்கு. கரையில கெடந்தவனுக்கு ஒண்ணும் கெடையாது. எனக்கு இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு. வேலைக்கு வராதவனுக்குக் கம்பெனிக்காரன் எதுக்குப் பங்கு குடுக்கப் போறான்? அப்ப பணத்தையும் பிடிச்சிட்டு, பங்கும் அவன்கிட்டதான?"

ஷெட்டே "அதான!" என்றது. பாதிப் பேர் படிவத்தைத் திருப்பித் தர எழுந்துவிட்டார்கள். அப்புறம் சொன்னேன்: "அண்ணாச்சி, இது ஆள் பங்கு இல்ல, வள்ளத்துப் பங்கு. வள்ளத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுல படுத்துக் கெடந்தாலும் வள்ளத்துக்குன்னு தனியா எடுத்து வைக்கீங்களா இல்லையா? இப்ப அந்த வள்ளத்துல ஒரு பலகை உங்களுக்குச் சொந்தம்."

"ஒரே ஒரு பலகையா? அதுவும் ஓட்டப் பலகையாப் பாத்துல்ல குடுப்பான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு. "முத்துக்குளிக்கையில மூணுல ஒரு பங்கு சிப்பி அன்னைக்கே கைக்கு வரும். இது எப்ப வரும்?" என்று இன்னொருவர். வருஷத்துக்கு ஒரு தடவை, லாபம் இருந்தால் என்றேன். "மீன் கெடச்சாத்தான் பங்குங்குத மாதிரி" என்றார். ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படகுக்காரர்கள் முப்பத்தொரு பேர் கார்டிலும் சேர்ந்த தேதி 1-7-1974 என்றிருக்கிறது. அப்படியானால் ஐந்து வருஷம் ஆகவில்லை. ரோச் தண்டலோ, பழைய படகுக் கம்பெனியில் 1958-லிருந்து பார்த்த சர்வீஸையும் சேர்த்துக்கொள்வதாக ஹாலிடன் எழுதிக் கொடுத்திருக்கிறது, தானே கைநாட்டு வைத்தேன் என்கிறார். சர்வீஸ் பைல்கள் அத்தனையும் தேடிவிட்டேன், இல்லை. உனக்குத் தெரியுமா? தெரிந்தால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ஞானதீபம்


புன்னைக்காயல்
21-1-1978

அன்புள்ள தீபம்,

கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆயிற்று. அமலிக்கு வயிற்று உப்புசம். மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கிற வரை ஒரே அழுகை. தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தபடியே இருக்கிறேன். எடை அப்படியே நிற்கிறது. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன்.

நீ பலகைக் கதை சொன்னதை வளன் இங்கே மூன்று தடவை சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மன்னித்துக்கொள். நான் வள்ளக்காரன் பேத்தி. நீ நாசரேத்துத் தேரிமணலில் வளர்ந்த வாத்தியார் மகள். விடுதியில் மீன் குழம்பு வாசத்துக்கு மூக்கைப் பொத்தினவள், இன்று என் ஊர் ஆட்களுக்கு வள்ளத்துப் பங்கு என்றால் என்னவென்று விளக்குகிறாய், அவர்களும் கைதட்டுகிறார்கள்! ஷெட்டில் கூட்டம் போட வேண்டும் என்று அக்டோபரிலேயே சாரிடம் சொன்னது யார்? என்ன பேச வேண்டும் என்று நான் எழுதிக்கூட வைத்திருந்தேன். பெரிய வயிற்றோடு ஷெட்டுக்குப் போக வேண்டாமென்று ஆபீசில் எல்லோரும் தடுத்தார்கள்.

நீ கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து வந்தது. அதாவது பாதி வந்தது. மீதியை வளன் பஸ்ஸிலேயே தின்றுவிட்டார். "அந்தப் பிள்ள கைப்பக்குவம் தனிதான்" என்கிறார். உன்னை அவர் 'அந்தப் பிள்ள' என்று சொல்லும்போது குரலில் ஒரு குழைவு இருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கிறதா, தெரியவில்லை.

பிள்ளை இப்படி இருக்கையில் 31-ஆம் தேதி வர முடியாது. இன்னும் ஒரு மாதம் சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதியிருக்கிறேன். மார்ச் முதல் தேதி வருவேன், அதை நீ நிச்சயமாக வைத்துக்கொள்.

வேறு என்னவோ கேட்டிருந்தாயே. அமலி விழித்துவிட்டாள். பிறகு எழுதுகிறேன்.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி
27-1-1978

அன்புள்ள பிளாரன்ஸ்,

நீ கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளன் அண்ணன் ஷெட்டில் சரக்குக் கணக்கெடுக்கிற இடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை சீட்டுக் கொடுக்க வருவார். வந்தால் அமலி கையை விரித்தது, கொட்டாவி விட்டது என்று சொல்லிவிட்டுப் போவார். முந்தாநாள் அமலியின் போட்டோவை எல்லா மேசைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். என் முறை வந்தபோது கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். எனக்கும் இருபத்தாறு ஆகிறது, பிளாரன்ஸ். எங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், படிக்கிற தம்பிகள் இரண்டு பேர், என் ஒரு சம்பளம். பொறாமை உனக்கு மட்டும் எழுதி வைத்ததில்லை.

இன்னொன்றும் மறைக்க மாட்டேன். சார் என்னைக் கூப்பிட்டு, "பங்குப் பிரிவுக்கு ஒரு ஆள்தான் சென்னையில் அனுமதித்திருக்கிறார்கள். அந்தம்மா வராவிட்டால் நீ நிரந்தரமாக இருப்பாயா?" என்று கேட்டார். அந்த இடம் பிளாரன்ஸுடையது, அவள் வருவாள் என்று சொன்னேன். சொன்னது உண்மை. கேட்ட அந்த நிமிஷத்தில் மனம் குதித்ததும் உண்மை.

கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. படகுக்காரர்களின் பழைய சர்வீஸுக்குக் காகிதம் இருக்கிறதா? எந்தப் பைலில்? இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது. ரோச் தண்டல் நாள்தோறும் வேலை முடிந்து கவுண்டரில் வந்து நின்று, "எம்மா, காயிதம் ஆம்ட்டுட்டா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

அன்புடன்,
தீபம்


புன்னைக்காயல்
2-2-1978

தீபம்,

ஆக, சார் கேட்டுவிட்டார். நீயும் பெருந்தன்மையாக எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாய். என் இடத்தை எனக்கே விட்டுக்கொடுத்ததற்கு ரொம்ப நன்றி. மனம் குதித்ததையும் மறைக்காமல் எழுதினாயே, அந்த நேர்மைக்கும் ஒரு "பேஷ்".

நான் இங்கே மார்புச் சேலை நனைந்து காய்ந்து, தலை வாராமல், பிள்ளையின் விலா எலும்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே என் நாற்காலியில், என் கார்டுகளை வைத்துக்கொண்டு, என் புருஷன் கொண்டுவந்த என் பிள்ளையின் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாய். என்னிடம் இருப்பதில் எது உனக்கு வேண்டாம் என்று சொல், அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எனக்குத் தெரியும். கார்டில் இல்லாததை என்னிடம் கேட்காதே.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி
13-2-1978

பிளாரன்ஸ்,

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முடிந்தது. இருநூற்று அறுபத்தாறு விண்ணப்பம் சென்னைக்குப் போய்விட்டன. படகுக்காரர்கள் முப்பத்தொரு பேருடையது போகவில்லை. அவர்கள் வரிசையில்தான் நின்றார்கள். நான்தான் கார்டைக் காட்டி, முடியாது என்றேன்.

ரோச் தண்டல் சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. என் மேசையில் இருந்த கார்டைத் திருப்பி, அவருக்கு வாசிக்கத் தெரியாது, இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நம்ம பிளாரன்சுப் பிள்ள எழுத்துல்லா?" என்றார். ஆமாம் என்றேன். "அது தப்பா எழுதாது. அப்ப எனக்குத்தான் நெனப்பு பிசகிட்டு போல" என்றார். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் போன ஒருவர்தான் திரும்பிப் பார்த்து, "பலகையும் இல்ல, ஆணியும் இல்ல. வாங்கலே போவம்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை யூனியன்காரர்கள் சாரிடம் சண்டை போட்டார்கள். இன்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. சரியாக விசாரிக்காமல் முப்பத்தொரு பேரைத் திருப்பி அனுப்பியது ஏன் என்று ஒரு வாரத்துக்குள் எழுத வேண்டும். தற்காலிகமாக வந்தவளுக்கு மெமோ என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

மார்ச் முதல் தேதி நீ வரும்போது நாற்காலி காலியாக இருக்கும். கவலைப்படாமல் பிள்ளையைப் பார்.

ஞானதீபம்


புன்னைக்காயல்
17-2-1978

அன்புள்ள தீபம்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அம்மா, "என்னளா மூஞ்சி தெளிஞ்சிருக்கு?" என்று கேட்கிற அளவுக்குச் சந்தோஷம். அன்று அமலியைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடினேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ரோச் மாமா வீட்டுக்கு வந்தார். கையில் பனையோலைப் பட்டை, அதற்குள் பால்சுறா. தகராறுக்குத்தான் வருகிறார் என்று நினைத்து உள்ளே போகப் பார்த்தேன். "எங்கிட்டு ஓடுத? இங்கன வா" என்று கூப்பிட்டார். "பாலு பத்தலன்னு வளன் சொன்னான். மூணு நாளா மடிவலைக்காரன்கிட்ட சொல்லி வச்சி, இன்னைக்குத்தான் ஆம்ட்டுது. தாய்க்காரிக்குப் புட்டு அவிச்சுக் குடுங்க, பிள்ள தேறிரும்." அம்மா காசு கொடுக்கப் போனாள். "போளா அங்கிட்டு. பெத்தவளுக்குக் குடுக்கதுக்குக் காசா?" என்று அதட்டினார்.

அப்புறம் படியில் உட்கார்ந்தார். அந்தப் பேச்சை அவராக எடுக்கவே இல்லை. நான்தான் வாய் பொறுக்காமல், "மாமா, பங்கு விசயம் என்னாச்சு?" என்று கேட்டேன். "அது நமக்கு இல்லன்னு ஆயிட்டு. அந்த நாசரேத்துப் பிள்ள மேல தப்பில்ல. கார்டுல இருக்கதத்தான் அது சொல்லும். அதுக்குச் சீட்டுக் கிழியப் போவுதாம்லா? பாவம். எனக்கு ஒண்ணுதான் சங்கடம். நம்மள நம்பி முப்பது பேரு பேரக் குடுத்தானுவ. இப்ப ஒவ்வொருத்தனும் என்னய கிறுக்கனப் பாக்க மாதிரி பாக்கான். எனக்கே சந்தேகமாயிட்டு, கைநாட்டு வச்சது நெசந்தானா, இல்ல நெனப்பான்னு."

தீபம், அது நிஜம். அந்தக் காகிதத்தை டைப் அடித்தவளே நான்தான். 1974 ஜூன் மாதம், நான் சேர்ந்த புதிது. பழைய படகுக் கம்பெனியிடமிருந்து படகுகளையும் ஆட்களையும் சேர்த்துத்தான் ஹாலிடன் எடுத்துக்கொண்டது. படகுகளை அடுத்த மாதமே நாகப்பட்டினத்துக்காரருக்கு விற்றார்கள். ஆட்களின் பழைய சர்வீஸ் எல்லாச் சலுகைக்கும் சேரும் என்ற ஒப்பந்தத்தைத் தனியாக வைக்காமல், அந்தப் படகு விற்பனைப் பத்திரத்தோடு கடைசிப் பக்கமாகக் கோத்துவிட்டார்கள். சர்வீஸ் பைலில் தேடினால் கிடைக்காது. மாடி ரிக்கார்டு அறையில் 'படகு, விற்பனை, 1974' என்ற பைல். கடைசிப் பக்கம். முப்பத்தொரு பேருடைய கைநாட்டும் கையெழுத்தும் இருக்கிறது. கார்டு எழுதும்போது இந்தக் கம்பெனியில் சேர்ந்த தேதியைப் போட்டுவிட்டு, படிவம் வரும்போது பழைய தேதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதற்குள் விடுப்பு.

முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது அமலி விழித்தது உண்மைதான். எழுத மறந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவை மறக்கவில்லை. 'படகு விற்பனை' என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு எழுத்து எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நீ தவறு செய்ய வேண்டும், சார் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது மனதில். முப்பத்தொரு பேரை நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனா, தெரியவில்லை.

சுறாப்புட்டைச் சாப்பிட முடியாமல் சாப்பிட்டேன். பிள்ளைக்கு வேண்டுமே.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி
21-2-1978

பிளாரன்ஸ்,

பைல் கிடைத்தது. நீ சொன்ன இடம், நீ சொன்ன பக்கம்.

உனக்கு எழுத நான்கு தாள் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது. விடுதியில் எனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி முழுவதும் ஈரத்துணி மாற்றினவள் நீ. அவளும் இதை எழுதினவளும் ஒரே ஆள் என்று என் புத்திக்குப் பிடிபடவில்லை. உனக்கு என்மேல் கோபமென்றால் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். நான் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் தன் ஞாபகத்தையே சந்தேகப்படும்படி செய்துவிட்டாயே.

சரி. நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். சார் சென்னைக்கு டெலிபோன் போட்டார். தொழிலாளிகளுக்கு ஒதுக்கியதில் இன்னும் பங்கு மீதி இருக்கிறதாம். 28-ஆம் தேதி டைரக்டர்கள் கூடி யார் யாருக்கு என்று முடிவு செய்கிறார்கள். ஆட்கள் தாமதித்தார்கள் என்றால் சேர்க்க முடியாது. ஆபீஸ் தவறு என்றால் சேர்க்கலாம். ஆனால் யாருடைய தவறு, எப்படி நேர்ந்தது என்று எழுத்தில் வேண்டும். வெறுமனே "இப்போது காகிதம் கிடைத்தது" என்றால் அங்கே ஏற்க மாட்டார்களாம்.

மெமோவுக்கு நான் எழுதிய பதிலில், இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், விவரம் வரவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். "யாரிடம் கேட்டாய்?" என்றார் சார். உன் பெயரை நான் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. உன் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. நேற்று இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்தால் அந்த முப்பத்தொரு பேருக்கும் கிடைக்கும், எனக்கு வேலை நிற்கும், உனக்குப் போகும். கொடுக்காவிட்டால் அவர்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, நீ மார்ச் முதல் தேதி வந்து உட்காரலாம்.

பழியை நானே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதே. அவ்வளவு நல்லவள் இல்லை நான். என் தம்பிக்கு ஏப்ரலில் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும்.

நீயே எழுது. 25-ஆம் தேதிக்குள் சார் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

ஞானதீபம்


புன்னைக்காயல்
23-2-1978

அன்புள்ள தீபம்,

சாருக்கு எழுதிவிட்டேன். நேற்று மத்தியானம் வந்த உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அரைப்பக்கம்தான். "ஒப்பந்தம் இருப்பது எனக்குத் தெரியும். ஜனவரி 12, ஜனவரி 27 ஆகிய தேதிகளில் செல்வி ஞானதீபம் எழுதிக் கேட்டும், தெரிந்தே நான் சொல்லவில்லை. பிழை என்னுடையது. ஆட்கள் உரிய காலத்தில் விண்ணப்பிக்க வந்தார்கள்." காரணம் எழுதவில்லை. காரணத்துக்கு ஆபீசில் என்ன பெயர் என்று தெரியவில்லை. இன்று காலை பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போகிற ஜீவமணி டீச்சர் கையில் கொடுத்தனுப்பினேன். நீ இதைப் படிக்கும் முன்பே சார் மேசையில் இருக்கும்.

வளனிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்ததும் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஆபீசில் கெட்டுவிடுமே என்று சாரிடம் கெஞ்சி ஒரு வரி எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். ரோச் மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தெருமுனையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும் வரை ஊசியை நிறுத்தவில்லை. முடித்ததும், "அப்ப நான் கைநாட்டு வச்சது நெசந்தான்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "போ, பிள்ள அழும்" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பங்குப் பிரிவில் இனி என்னை உட்கார வைக்க மாட்டார்கள். டைப் அடிக்கிற இடத்துக்கு அனுப்பினால் போவேன். அதுவும் இல்லையென்றால் இல்லை. அந்த நாற்காலி உனக்கு. சும்மா கொடுத்துவிட்டுப் போனேன் என்று இருக்கக் கூடாது, அதனால் கார்டில் எழுதாத சிலதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்.

படகுக்காரர்களுக்குக் கயிறு இழுத்துக் கட்டைவிரல் ரேகை தேய்ந்திருக்கும். மையைக் குறைவாகத் தடவு, விரலை மெல்ல வை. அழுத்தினால் வெறும் கறைதான் விழும், சென்னையில் திருப்பி அனுப்புவார்கள். இருபத்திரண்டு பேர் கார்டில் வாரிசு என்று அம்மா பெயர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த பெயர், பிறகு மாற்றவே இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேள், கூட்டத்தில் கேட்டால் யாரும் பெண்டாட்டி பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஐஸ் ரூம் பகவதிக்கு ஒரு காது கேட்காது. தலையாட்டினால் புரிந்ததென்று அர்த்தமில்லை. சார் காலையில் பதினொரு மணிக்கு முன்னால் எதைக் கொண்டுபோனாலும் "முடியாது" என்பார். காபி குடித்த பிறகு போ. சென்னைப் பங்கு ஆபீசில் எஸ்றா என்று ஒருவர் இருக்கிறார். கோபக்காரர், ஆனால் அவர் சரியென்று சொன்னது மாறாது. முப்பத்தொரு பேர் விஷயத்தை அவர் பெயருக்கே எழுது.

என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இதை எழுதும்போதுகூட நீ அந்த ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதும், மின்விசிறிக்காற்றில் உன் முந்தானை அசைவதும் கண்ணில் தெரிகிறது. வயிறு எரியத்தான் செய்கிறது. எரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவும் இப்போது உன்னிடம் இருக்கிறது. இனிமேல் என்னிடம் கேட்க உனக்கு ஒன்றும் இல்லை.

ஆனாலும் எழுது.

பிளாரன்ஸ்